எங்கே போச்சு?

1999ஆம் வருடம், அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். தென்காசியில் ஒரு டிடிபி கடையில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் வந்துவிட்டால் கடையில் நிற்க இடம் இருக்காது. சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களின் கேள்வித்தாளெல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வரும். ஒரு சாயங்காலம் மழையோடு மழையாக ஓர் ஆசிரியர் வந்தார். சட்டைப்பையிலிருந்து பாலித்தீன் உறையில் சுற்றிய பிளாப்பி ஒன்றை எடுத்தார். சென்னையில் மருமகன் வீட்டுக் கம்ப்யூட்டரில் தானே உட்கார்ந்து, நான்கு நாள் பாடுபட்டு அடித்த கேள்வித்தாளாம். “பிரின்ட் மட்டும் எடுத்துக் குடு தம்பி. அடிக்கிற வேலைய நானே முடிச்சிட்டேன்” என்றார். குரலில் பெருமை தெரிந்தது.

திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ‘அம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “என் கேள்வித்தாள் எங்கப்பா போச்சு?”

“ஃபான்ட் இல்ல சார்” என்றேன்.

நான் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் முகத்தில் எந்த வெளிச்சமும் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு கேள்வியாக எழுதிக் கொடுத்தார். நான் மறுபடி அடித்தேன், பக்கத்துக்கு இவ்வளவு என்று காசும் வாங்கினேன். அந்த பிளாப்பியிலிருந்து ஓர் எழுத்துகூடத் தொலையவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் கேட்டது ‘எங்கே’ என்று. நான் சொன்னதோ ‘இல்லை’ என்று. ரயில்வே விசாரணை ஜன்னலில் கேட்கிற மாதிரி ஒரு பதில்.

பிறகு நான் ஆசிரியரானேன். அதன்பின் ஆசிரியர் பயிற்றுநராக வட்டார வள மையத்துக்கு வந்தேன். கம்ப்யூட்டர் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பயிற்சிகளெல்லாம் என் தலையில் விழுந்தன. இத்தனை வருடத்தில் எனக்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி அந்த மழைக்கால ஆசிரியரின் கேள்விதான். சேவ் பண்ணினேனே, எங்கே போச்சு? டவுன்லோடு ஆச்சுன்னு சொல்லுச்சே, எங்கே? போட்டோ அனுப்பினேனே, எங்கே? கேட்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. தன்னுடைய பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அந்த ‘எங்கே’வுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டு போனால் ‘எப்படி’ தானாகப் பின்னால் வந்துவிடுகிறது. என் தொழில்ரகசியம் என்று ஏதாவது இருந்தால் இதுதான். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஏழெட்டு வருடம் பிடித்தது.

அந்தக் கேள்வித்தாள் கதையை இப்போது வகுப்பில் எப்படிச் சொல்கிறேன் என்றால், முதலில் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொள்வேன். “டீச்சர், உங்க வகுப்புல 12ஆம் நம்பர் யாரு?” முருகன் என்பார். பக்கத்தில் இருப்பவரிடம் அதே கேள்வி. கவிதா என்பார். “சரி, நீங்க லீவு. அவங்க உங்க வகுப்புக்கு வந்து, அவங்க பதிவேட்டப் பார்த்து, கவிதாவ நினைச்சுக்கிட்டு ‘12 எழுந்திரு’ன்னா?” முருகன் எழுந்து நிற்பான். எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்த அந்த நேரத்திலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

கம்ப்யூட்டருக்குள் எழுத்து என்று ஒன்று கிடையாது, எண்தான் உண்டு. விசையைத் தட்டினால் ஓர் எண் பதிவாகிறது. அந்த எண்ணுக்கு எந்தப் படத்தைத் திரையில் வைக்க வேண்டும் என்று ஃபான்ட் சொல்கிறது. ஆங்கிலச் சின்ன எழுத்து ஜேக்கு 106, கேக்கு 107. பாமினி போன்ற எழுத்துருக்களைச் செய்தவர்கள், கம்ப்யூட்டரில் தமிழுக்கென்று இடமே இல்லாத காலத்தில் ஒரு தந்திரம் செய்தார்கள். 106ஆம் இருக்கையிலிருந்து ஜேயின் படத்தை எடுத்துவிட்டு ‘த’ படத்தை உட்கார வைத்தார்கள். 107இல் ‘ம’. அரைப்புள்ளியின் 59இல் மெய்யெழுத்தின் புள்ளி. கம்ப்யூட்டர் கடைசிவரை ஆங்கிலம் என்றே நம்பிக்கொண்டிருக்கும், நாம் தமிழ் படித்துக்கொண்டிருப்போம். அந்த ஆசிரியரின் பிளாப்பியில் 106, 107, 112, 111, 59 என்று வரிசை குலையாமல் ‘தமிழ்’ உட்கார்ந்திருந்தது. எங்கள் கடையில் வேறு ஃபான்ட். வேறு வகுப்பின் பதிவேட்டை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டோம், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அதே 1999 பிப்ரவரியில்தான் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. ஆளுக்கொரு பதிவேடு வைத்திருந்த நிலையை ஒழுங்குபடுத்த டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளையும் தமிழ் 99 என்ற விசைப்பலகையையும் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டுத் தமிழர்களும் இணையத்தில் எழுதியவர்களும் டிஸ்கி என்று இன்னொன்றை வைத்திருந்தார்கள். இதெல்லாம் நல்ல முயற்சிகள்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்பே, 1991இல், யூனிகோடு தன் முதல் பதிப்பில் தமிழுக்குத் தனியாக 128 இருக்கைகள் ஒதுக்கிவிட்டது. 2944இலிருந்து 3071 வரை. ‘அ’வுக்கு 2949, ‘க’வுக்கு 2965. இந்த இருக்கையில் வேறு மொழி உட்கார முடியாது. ஆசிரியர்களுக்கு இதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும்: எமிஸ் எண், கல்வித்துறையின் இணையப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருப்பது. வகுப்பு மாறினாலும், பள்ளி மாறினாலும், பிள்ளைக்கு எண் மாறாது. எமிஸைத் திட்டாத ஆசிரியர் இல்லை. அப்படித் திட்டுபவர்கள்கூட இந்த இடத்தில் “ஓ” என்பார்கள்.

எண் என்று சொன்னதும் அந்த எண்ணை மின்சாரத்தில் எப்படி வைக்கிறது என்று யாராவது கேட்பார்கள். நியூசிலாந்தின் டிம் பெல்லும் அவருடைய கூட்டாளிகளும் கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஒரு முறை செய்துவைத்திருக்கிறார்கள். 16, 8, 4, 2, 1 புள்ளிகள் போட்ட ஐந்து அட்டைகள். திருப்பினால் உண்டு, கவிழ்த்தால் இல்லை. அந்த ஐந்தை வைத்து 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டிவிடலாம். நான் அட்டை செய்து கொண்டுபோனேன். மூன்றாம் வகுப்பு எடுக்கும் ஒரு டீச்சர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “இது ரேஷன் கடை எடைக்கல்லு சார்” என்றார். தட்டில் கல் இருக்கும், அல்லது இருக்காது. அரைக்கல் வைக்க முடியாது. ஐந்து கல்லில் 31 கிலோ வரைக்கும் நிறுத்துவிடலாம். அன்றிலிருந்து அட்டையை விட்டுவிட்டேன், எடைக்கல்தான்.

உவமை கிடைத்தவுடன் தலைகால் புரியாமல் ஆடக்கூடாது என்பதையும் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தமிழையா. பயிற்சியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தவர், எமிஸ் எண் உவமை முடிந்ததும் கையைத் தூக்கினார். “தமிழுக்கு 247 எழுத்து. நீங்க 128 இருக்கைன்னு சொல்றீங்க. மிச்சப் பிள்ளைங்க எங்க உக்காரும்?”

‘கொ’வுக்குத் தனி எண் இல்லை, ‘க’வும் ஒகரக் குறியும் சேர்ந்து வரும் என்று சொல்லி, ‘கொ’ அடித்துப் பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டிக் காட்டினேன். இரண்டு பக்கமும் நின்ற கொம்பும் காலும் ஒரே தட்டில் போய், ‘க’ மட்டும் நின்றது. அவர் விடவில்லை. “அப்ப ‘க்’?” ‘க’வுக்குமேல் புள்ளி வைத்தால் ‘க்’ என்றேன், 2965உம் 3021உம்.

“அது தலைகீழ்ல சார்” என்றார். “மெய்தான் முதல்ல. ‘க்’கும் ‘அ’வும் சேர்ந்தாத்தானே ‘க’? உங்க மிஷின் ‘க’வ வச்சுக்கிட்டு அதுல இருந்து அகரத்தப் புடுங்கி மெய் செய்யுது. இலக்கணமே கவுந்து கிடக்கே.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. யூனிகோடின் இந்திய மொழிப் பகுதிகள் 1988இன் இஸ்கி என்ற இந்தியத் தரத்தை ஒட்டிச் செய்யப்பட்டவை. எல்லா இந்திய மொழிக்கும் ஒரே சட்டை தைத்தபோது அளவு எடுத்தது தேவநாகரிக்கு. இதே மனக்குறை உள்ளவர்கள் சேர்ந்துதான் எல்லா உயிர்மெய்க்கும் தனி இருக்கை தரும் டேஸ் 16 என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு அதையும் ஏற்றது. ஆனால் உலகம் முழுக்க ஓடுவது யூனிகோடுதான். அந்தத் தீர்ப்பை மாற்ற என்னாலும் முடியாது, அவராலும் முடியாது. ஐயாவிடம் அதை அப்படியே சொன்னேன். மழுப்பவில்லை. பிறகு தமிழ் 99 விசைப்பலகையைத் திறந்து காட்டினேன். இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். ‘க’வை இரண்டு முறை தட்டினால் முதல் ‘க’வுக்குத் தானே புள்ளி விழுந்து ‘க்க’ ஆகும். ‘ங’ தட்டி ‘க’ தட்டினால் ‘ங்க’. ‘ந’ தட்டி ‘த’ தட்டினால் ‘ந்த’. “இன எழுத்து தெரிஞ்சிருக்கே இதுக்கு!” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அன்று முழுக்க அவர் கடைசி பெஞ்சுக்குப் போகவில்லை.

அவர் கையிலிருந்து இன்னொன்றும் கிடைத்தது. ‘எ’ அடிக்கத் தேடியபோது சின்னங்களின் பட்டியலில் தமிழ் எண் ஏழான ‘௭’ கண்ணில் பட, அதையே எடுத்து வைத்துவிட்டார். பார்வைக்கு ‘௭ன்ன’ என்பதும் ‘என்ன’ என்பதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தேடினால் மட்டும் கிடைக்காது. பதிவேட்டில் இரட்டைப் பிள்ளைகள். முகம் ஒன்று, எண் வேறு. ஆசிரியர்கள் தட்டச்சு செய்த ஆவணங்களில் இன்றும் இதைப் பார்க்கிறேன். ‘ா’ போட வேண்டிய இடத்தில் ‘ர’ போடுவதையும்.

வார்த்தைகளைப் பற்றி ஒரு விஷயம். கணித்தமிழ்க் கலைச்சொற்களைப் பயன்படுத்துங்கள் என்று எங்களுக்குச் சொல்வார்கள். நான் பாதி கேட்பேன். ‘சொடுக்கு’ அருமையான சொல், விரலுக்கே கேட்கும். ‘கோப்பு’ நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் பள்ளி அலுவலகத்தில் நாடா கட்டிய கோப்பு நிஜமாகவே இருக்கிறது. ‘அடைவு’ என்றால் நகை அடகா என்று கேட்கிறார்கள். அதற்கு ஃபோல்டரே மேல். சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேலை செய்துகொண்டே ஜூனியர் விகடனில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதியவர். வழக்கில் இருக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுத அவர் கூச்சப்பட்டதில்லை. நானும் படுவதில்லை. ஆனால் ‘மேகம்’ என்ற சொல்லை மட்டும் என் வகுப்பில் அனுமதிப்பதில்லை. கிளவுடும் கூடாது. அது ‘எங்கே’ என்ற கேள்விக்கு வானத்தைக் காட்டுகிற பதில். “வேறொருத்தர் வச்சிருக்கிற கம்ப்யூட்டர்” என்று சொல்லுவேன். நீளம்தான், ஆனால் யார் வீட்டில் நம் பொருள் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதில் நான் ஒருமுறை வசமாக அடிவாங்கினேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். போனில் இடம் இல்லை என்று வந்தார். படங்களெல்லாம் தானாக இணையத்தில் பிரதி எடுக்கும்படி வைத்துக்கொடுத்து, “பேங்க் லாக்கர்ல ஒரு பிரதி வச்ச மாதிரி டீச்சர்” என்றேன். எவ்வளவு அழகான உவமை! பத்து நாள் கழித்துக் கண்கலங்கி நின்றார். லாக்கரில்தான் இருக்கிறதே என்று போனில் இருந்த படங்களை, பேத்தியின் காதுகுத்து உட்பட, அந்தச் செயலிக்குள்ளிருந்தே ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் ஏற்பாடு அது. லாக்கர் என்று நான் சொன்னது உண்மையில் கண்ணாடி. இந்தப் பக்கம் பொட்டை அழித்தால் அந்தப் பக்கமும் அழியும். நல்லவேளை, அழித்தவை சில வாரம் குப்பைத்தொட்டியில் கிடக்கும். எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை, தன்னைத்தான் திட்டிக்கொண்டார், “எனக்கு இதெல்லாம் வராது தம்பி” என்று. அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் தப்பான உவமை சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். அந்த முறை அது நான்தான். அதன்பிறகு எந்த உவமை சொன்னாலும் கூடவே அது எந்த இடத்தில் பொய்யாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி போடுகிற மாதிரி.

2018இல் புதிய பாடப்புத்தகங்கள் வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் கோடு. போனைக் காட்டினால் பாடத்துக்கான காணொளி ஓடும். ஒரு டீச்சர் பழைய புத்தகம் ஒன்றிலிருந்து அந்தச் சதுரங்களையெல்லாம் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி, “புத்தகத்த தூக்கிட்டுப் போக வேண்டாம், வீடியோ மட்டும் எடுத்து வச்சுக்கிட்டேன்” என்றார். வேலையும் செய்தது! ஒருநாள் மலையடிவாரப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போனபோது ஒன்றும் ஓடவில்லை. “பசை பட்டுச் சதுரம் கெட்டுப்போச்சு போல” என்றார். அங்கே நெட் இல்லை.

நான் போனை விமானப் பயன்முறையில் போட்டு ஸ்கேன் செய்து காட்டினேன். சதுரம் அப்போதும் பேசியது. ஒரு நீளமான இணைய முகவரியைத் திரையில் காட்டியது, அதற்குமேல் போகவில்லை. “விலாசம் சட்டைப்பையில இருக்கு டீச்சர். வீடு அங்கேயேதான் இருக்கு. போறதுக்குப் பஸ் இல்ல.” பசை பட்டதால் கெடவில்லை என்பதைக் காட்டச் சதுரத்தின் நடுவில் பேனா மையைக் கொஞ்சம் இழுவினேன். அப்போதும் படித்தது. ஜப்பானில் டென்ஸோ வேவ் நிறுவனத்தின் மசாஹிரோ ஹாரா 1994இல் இதைச் செய்தது வாகன உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க. தொழிற்சாலையில் எண்ணெயும் அழுக்கும் படும் என்று தெரிந்தே செய்தது. அதிகபட்சக் காப்பு வைத்து அச்சிட்டால் முப்பது சதவீதம் வரை சிதைந்தாலும் மீதியை வைத்துக் கணக்குப் போட்டு மீட்டுக்கொள்ளும். மூலையில் உள்ள பெரிய சதுரத்தைக் கட்டைவிரலால் மூடினால் மட்டும் பெரும்பாலும் திணறும், எது மேல் எது கீழ் என்று அதற்குச் சொல்வது அந்த மூன்று மூலைகள்தான். ஆளுக்கொரு சதுரத்தை எடுத்துக்கொண்டு எங்கே மறைத்தால் படிக்கிறது, எங்கே மறைத்தால் படிக்கவில்லை என்று அரைமணி நேரம் விளையாடினார்கள். நான் தேர்ந்தெடுத்த பாடம் அன்று நடக்கவே இல்லை.

விலாசம் என்று புரிந்தவர்களுக்கு டீக்கடைச் சதுரத்தை விளக்க இரண்டு நிமிடம் போதும். அதுவும் விலாசம்தான், யார் கணக்கு என்று. அதன்மேல் வேறொருவன் தன் விலாசத்தை ஒட்டிவிட்டால் பணம் அங்கே போகும். ஆகவே தொகை போடும் முன் திரையில் வரும் பெயரைப் படிக்க வேண்டும். யுபிஐ 2016இல் வந்தது, அன்றிலிருந்து ஏமாற்றும் அதோடு வருகிறது. “பரிசு விழுந்திருக்கு, பின் போட்டு வாங்கிக்குங்க” என்று போன் வரும். கோயில் உண்டியலைச் சொல்வேன். காசு போடச் சாவி வேண்டாம், எடுக்கத்தான் சாவி. பின் என்பது உங்கள் உண்டியலின் சாவி. காசு உள்ளே வருவதற்கு அதை யாராவது கேட்டால் அவன் உள்ளே போட வரவில்லை. இந்த உவமைக்கு மட்டும் இதுவரை காலாவதித் தேதி போட வேண்டி வரவில்லை.

எல்லாமே உவமைதானா என்றால், இல்லை. சில சமயம் பொருளையே கையில் கொடுத்துவிடலாம். அமெரிக்கக் கடற்படையின் கிரேஸ் ஹாப்பர் கம்ப்யூட்டர் வேகத்தைப் புரியவைக்கக் கூட்டங்களில் சுமார் 30 சென்டிமீட்டர் கம்பித் துண்டுகளை எல்லாருக்கும் கொடுப்பாராம். ஒரு நானோ வினாடியில், அதாவது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கில், ஒளி போகக்கூடிய தூரம் அவ்வளவுதான். நமக்குக் கம்பி தேடவே வேண்டாம், பள்ளிக்கூடத்தில் ஓரடி ஸ்கேல் இல்லாத மேசை உண்டா? ஸ்கேலைத் தூக்கிப் பிடித்து, “இது ஒரு நானோ வினாடி” என்பேன். டிவியில் ஸ்டுடியோவிலிருந்து கேள்வி கேட்டபிறகு வெளியூர் நிருபர் ஏன் ஒரு கணம் பேந்தப் பேந்த விழிக்கிறார் என்று அப்போது கேட்பார்கள். ஒளிபரப்புச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறி இறங்க 72,000. ஒளிக்கே கால் வினாடி ஆகும். பேச்சு போக ஒரு கால், பதில் வர ஒரு கால். இத்தனை ஸ்கேலை வரிசையாக வைத்தால் என்று ஒரு கணக்கு டீச்சர் கரும்பலகையில் ஆரம்பித்துவிட்டார், எங்களால் நிறுத்த முடியவில்லை.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கற்றுக்கொடுப்பவனின் கை மிக மோசமான சாமான். அவர்கள் தடுமாறும்போது நம் கை தானாக மவுஸுக்குப் போகும். இரண்டு வினாடியில் முடித்துக் கொடுத்துவிடுவோம், அவர்களும் “ரொம்ப தேங்க்ஸ் சார்” என்பார்கள். ஒரு துளி உள்ளே போயிருக்காது. நான் வகுப்பில் ஒரு கையில் சாக்பீஸும் மறு கையில் டஸ்டரும் வைத்துக்கொண்டே சுற்றுவேன். எழுதுவதற்காக வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள். மவுஸைப் பிடுங்காமல் இருக்கத்தான். வயதானவர்களின் விரல் இரண்டு சொடுக்குக்கு நடுவில் மவுஸைக் கொஞ்சம் நகர்த்திவிடும், கோப்பு திறக்காமல் இடம் மாறிவிடும். ‘எங்கே போச்சு’ அங்கேயே பிறந்துவிடும். ஒருமுறை சொடுக்கிவிட்டு என்டர் தட்டச் சொன்னால் போதும். இதை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

சென்ற வருடத்திலிருந்து செயற்கை நுண்ணறிவு என்று தனியாக ஓர் அமர்வு. கேள்வித்தாள், பாடக்குறிப்பு, ஆண்டுவிழா வரவேற்புரை எல்லாம் கேட்டு வாங்குகிறார்கள். அமர்வுக்கு அதே தமிழையா வந்திருந்தார், ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம். இப்போது முதல் பெஞ்ச். நட்பைப் பற்றிப் பத்தாம் வகுப்புக்குக் குறள் ஒன்று கேட்டார். வந்தது. ஏழு சீர், முதலடியில் நான்கு, அடுத்ததில் மூன்று. ‘நட்பு’ உள்ளே இருந்தது, பழந்தமிழ் வாசனையும் இருந்தது. கீழே விளக்கவுரை, அதிகார எண் 79, குறள் எண் 786. பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஐயா பையிலிருந்து கையடக்கத் திருக்குறளை எடுத்தார். 79ஆம் அதிகாரம் நட்புதான், சரி. விரலை இறக்கிக்கொண்டே வந்து 786இல் நிறுத்தினார். திரையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார்.

“786ல வேற பையன்லா உக்காந்திருக்கான்” என்றார்.

பத்து வருடத்துக்கு முந்தைய பதிவேடு அவருக்கு மறக்கவில்லை. புத்தகத்தின் மற்ற ஒன்பது குறளையும் பார்த்தார், பின்னால் இருந்த முதற்குறிப்பு அகராதியையும் பார்த்தார். அந்தக் குறள் 1330இல் எங்கேயும் இல்லை. “அப்ப இவன் எந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்?”

இருபத்தைந்து வருடமாக ‘எங்கே’ என்று யார் கேட்டாலும் என்னிடம் ஓர் இடம் இருந்தது. இந்த ஃபோல்டரில், அந்தக் கம்ப்யூட்டரில், 2965ஆம் இருக்கையில். அன்று கையில் சாக்பீஸோடு நின்றேன். அது குறளைப் புத்தகமாக அடுக்கி வைத்துக்கொண்டு எடுத்துத் தரவில்லை ஐயா, ஏராளமாகப் படித்ததில் எந்தத் துண்டுக்குப் பின்னால் எந்தத் துண்டு வரும் என்ற பழக்கம் மட்டும் அதற்கு இருக்கிறது, நீங்கள் கேட்ட நிமிடத்தில் துண்டு துண்டாகச் சேர்த்து உண்டாக்கினது, அதற்கு முன்னால் இவன் எங்கேயும் இல்லை, நீங்கள் திரையை மூடிவிட்டால் அப்புறமும் இருக்க மாட்டான் என்றேன். சொல்லும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

“கூப்பிட்டதுக்கு ‘உள்ளேன் ஐயா’ங்கிறான். பதிவேட்டுல பேரே இல்ல” என்றார் ஐயா. பிறகு அந்தக் குறளைத் தாளில் எழுதிக்கொண்டார். வாய்க்குள் சீர் பிரித்துச் சொல்லிப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து மூன்றாம் சீரைச் சுழித்து, ஓரத்தில் ‘தளை தட்டுகிறது’ என்று எழுதினார்.